குனிந்தால் ஓடாத நாய்கள்

குனிந்தேன். ஓடவில்லை. நாய் என்று பிறந்துவிட்டால் ஆள் குனிந்ததும் ஓட வேண்டும், கீழே கல் கிடக்கிறதா இல்லையா என்பதெல்லாம் நாய்க்குத் தெரியாது, கை மண்ணைத் தொடுகிற மாதிரி ஒரு போக்குக் காட்டினால் போதும், வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு தூரமாய்ப் போய் நின்றுதான் திரும்பிப் பார்க்கும், எத்தனை ஊர் எத்தனை சந்தை சுற்றியிருக்கிறேன், ஒரு நாயாவது இதை மீறினதுண்டா. இது மீறுகிறது. இது மட்டுமா, மூன்றும். நான் குனிந்த அந்த நொடியில் முன்னால் நின்ற செவலை காதை நிமிர்த்திக்கொண்டு ஒரே பாய்ச்சலாகக் கிட்டே வந்துவிட்டது, அதன் பின்னாலேயே கறுப்பு, அதற்கும் பின்னால் காது கிழிந்த வெள்ளை, என் மூக்குக்கும் செவலையின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இருக்குமோ என்னமோ, அதன் மூச்சு என் நெற்றியில் பட்டது, பழைய சோற்று வாடை, நான் நிமிர்ந்தேனா, விழுந்தேனா, பின்னால் குதித்தேனா தெரியவில்லை, இப்போது நிற்கிறேன், ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது, இன்னொன்று அங்கே நாய்களுக்கு நடுவில் மல்லாந்து கிடக்கிறது. வேட்டி நுனி கிழிந்து தொங்குகிறது. கால்? கால் இருக்கிறது. கெண்டைச் சதையில் ஈரம். அது ரத்தமா, நாயின் எச்சிலா, இல்லை வேறெதுவுமா, இந்த வயசில் அந்த அசிங்கம் வேறு வந்து சேர வேண்டுமா. குனிந்து பார்க்கலாம். எப்படிக் குனிவது. இது இட்டேரி, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண் தடம், ஒதுங்க இடமில்லை, தாவி ஏற மரமில்லை, திரும்பி ஓடலாம், ஓடினால் துரத்தும், குனிந்தால் ஓட வேண்டும் என்று தெரியாத நாய்க்கும் அது மட்டும் தெரிந்திருக்கும்.

கத்தலாமே. ஏன் கத்தவில்லை. மாட்டுச் சந்தையில் தரகு நாச்சிமுத்து வாயைத் திறந்தால் அந்தக் கோடியில் டீ ஆற்றுகிறவன் கை நின்றுவிடும், வாங்க வந்தவன், விற்க வந்தவன், கட்டுத்தறியில் நிற்கிற காளை, எல்லாம் ஒரு தரம் திரும்பும், அந்த வாய்தான் எனக்கு நிலம், அந்த வாய்தான் எனக்கு வீடு, படிப்பில்லாதவன் வாயை வைத்துத்தானே இவ்வளவும் பண்ணினேன், இப்போது திறந்தேன், டயரில் காற்று இறங்குகிற மாதிரி என்னமோ வந்தது. அவ்வளவுதான். கறுப்பு அதைக் கேட்டுத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. பார், பார், நல்லாப் பார், உன் எசமானி வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன், சம்பந்தி முறை, இட்டேரி முடிகிற இடத்தில் அந்த ஓட்டு வீடு, அந்தப் படல், படலுக்கு உள்ளே என் மருமகள் மைதிலி. கல்யாணம் பேச வந்தபோது காரில் வந்து இறங்கினேன், நாய்க்குட்டிகள் என்னமோ காலடியில் உருண்டுகொண்டிருந்தன, ஒன்றைக் காலால் நகர்த்திவிட்டுத்தான் கட்டிலில் உட்கார்ந்தேன், அது இந்தச் செவலையோ. இருக்காது. இருந்தாலும் நாய்க்கு அதெல்லாமா நினைவிருக்கும். இன்றைக்கு வண்டியை டீக்கடையில் விட்டுவிட்டு நடந்து வந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம், மணலில் சக்கரம் சறுக்கும் என்று டீக்கடைக்காரன் சொன்னான், நாய் இருக்கிறது என்று சொன்னானா, திரும்பிப் போகும்போது அவனை வைத்துக்கொள்கிறேன், திரும்பிப் போனால்.

வழி நெடுகப் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தேன். எல்லாம் போய்விட்டது. இல்லை, இருக்கிறது, முதலில் எகிற வேண்டும், உட்காரச் சொன்னால் உட்காரக் கூடாது, தண்ணி கொடுத்தால் வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கக் கூடாது, சம்பந்தியம்மா, ஆடிக்கு அழைச்சுட்டு வந்தீங்க, செரி, எல்லாரும் அழைக்கறதுதான், ஆவணி பொறந்துச்சு, புரட்டாசி பொறந்துச்சு, இன்னும் புள்ளைய அனுப்பாம வெச்சிருக்கறது உங்களுக்கே நல்லாருக்குதுங்களா, இன்னைக்கே இப்பவே கெளம்பச் சொல்லுங்க. அந்தம்மா ருக்குமணி தனியாள், வீட்டுக்காரர் போனபின் ஒண்டியாகத் தோட்டம் பார்க்கிறவள், கொஞ்சம் முறைப்பாள், அப்புறம் அழுவாள், அழுததும் நான் இறங்க வேண்டும், செரிங்க, இன்னைக்கு வேண்டாம், நல்ல நாள் பார்த்து அனுப்புங்க என்று ஒரு படி, தீபாவளிக்கு முன்னால் என்று இன்னொரு படி, ஆக இறங்கின மாதிரியும் இருக்கும், நான் நினைத்த இடத்தில் முடிந்த மாதிரியும் இருக்கும். துண்டுக்கடியில் கையைப் பிடித்து விரலை அமுக்கி விலை பேசுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு பேச்சா. முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது, கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரி நிற்க வேண்டும், அதுதான் தொழில், நான் எந்த வியாபாரத்திலும் வெறுங்கையோடு வீடு திரும்பினதில்லை, கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன். மகன் சசி செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். என்னடா பிரச்சினை என்றால், ஒண்ணுமில்லீங்ப்பா, சும்மாவே கோவிச்சுக்குவா, நீங்க போய் ஒரு சத்தம் போட்டா வந்துருவா என்றான். வீட்டுக்காரி அரிசி கழுவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், போறதுதான் போறீங்க, கத்தாம அந்தப் புள்ளைய என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க என்றாள். என்ன ஏது என்ன ஏது. கேட்டு என்ன ஆகப் போகிறது. அரிசியை இன்றைக்கு மூன்று தண்ணியோ நாலு தண்ணியோ கழுவினாள், களைந்த தண்ணி வெளுத்த பின்னும் கழுவிக்கொண்டே இருந்தாள், அதை ஏன் இப்போது நினைக்கிறேன், நாய் உறுமுகிறது.

கையில் என்னமோ இருக்கிறது. குனிந்தபோது விரல் தானாக எதையோ அள்ளியிருக்கிறது, மண்ணாங்கட்டி, காய்ந்து கல்லாய்ப் போன செம்மண் கட்டி. இருந்ததா, இவ்வளவு நேரமும் கையிலேயே இருந்ததா, போக்குக் காட்டப் போனவன் நிசமாகவே எடுத்திருக்கிறேன். வா, இப்போது வா. எறிந்தேன். குறி தப்பி அது செவலையின் பக்கத்தில் விழுந்து உடைந்தது. செவலை குதித்து விலகவில்லை, கத்தவில்லை, போய் அந்தக் கட்டியை மோந்து பார்த்தது, ஒரு துண்டை வாயில் கவ்வியது, மண் என்று தெரிந்ததும் துப்பியது, துப்பிவிட்டு என்னைப் பார்த்தது பார், ஏமாற்றிவிட்டாயே என்கிற பார்வை, உடனே முன்னைவிடக் கோபமாகக் குரைத்துக்கொண்டு வருகிறது, மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன. கையை ஓங்கினேன். தலைக்கு மேலே, அடித்து மண்டையைப் பிளந்துவிடுகிறவன் மாதிரி. செவலை அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. கண் இமைக்கவில்லை. கறுப்பும் இமைக்கவில்லை. காது கிழிந்த வெள்ளை, அதைப் பார்த்தால் எங்கோ அடிபட்டு வந்த நாய் மாதிரி இருக்கிறது, காது வேலியில் கிழிந்திருக்கும் போல, அதுவும் இமைக்கவில்லை. பயம்தான், பயம் இல்லை என்று யார் சொன்னது, ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஒன்று. நான் தினம் பார்க்கிற ஒன்று.

மாடு பிடிக்கப் போனால் நான் முதலில் பல்லைப் பார்ப்பதில்லை. சுழியைப் பார்ப்பதில்லை. அதெல்லாம் ஊருக்கு. முதலில் மாட்டுக்குப் பக்கவாட்டில் போய்ச் சும்மா நின்றுகொண்டு, தலைத்துண்டைச் சரி பண்ணுகிற மாதிரிச் சட்டென்று கையைத் தூக்குவேன். அவ்வளவுதான். நல்ல கையில் வளர்ந்த மாடு அசையாது, என்ன வேண்டும் உனக்கு என்று பார்க்கும். அடி கண்ட மாடு கண்ணை மூடிக் கழுத்தை அக்கட்டால், மறுபக்கமாக, இழுக்கும். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அடி விழுந்திருக்கிறது. விற்கிறவன் என்னதான் சத்தியம் பண்ணினாலும், என் புள்ளை மாதிரி வளர்த்தேனுங்க என்று அழுதாலும், மாடு சொல்லிவிடும். பக்கத்தில் நிற்கிற ஒருவனுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், துண்டுக்கடியில் என் விரல் அதற்குத் தக்கபடி குறைத்து அமுக்கும், விற்கிறவன் ஏன் என்று கேட்க மாட்டான், அவனுக்கும் தெரியும். இந்த மூன்று நாயையும் யாரும் அடித்ததில்லை. கல்லால் எறிந்ததில்லை. ஒரு தரம்கூட. அதனால்தான் குனிந்தால் ஓடத் தெரியவில்லை. அப்படியும் ஒரு நாய் இருக்குமா, அப்படியும் ஒரு வீடு இருக்குமா. எங்கள் வீட்டு நாய், பேர்கூட வைக்கவில்லை, நான் செருப்பு மாட்டக் குனிந்தால் கட்டிலுக்கடியில் போய் முடங்கிக்கொள்ளும், அதைப் பார்த்துச் சிரிப்பேன், பார்றா பயத்தை என்பேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு. நான் இல்லை. நான் எப்போதோ ஒன்றிரண்டு. சசிதான் சின்னதிலிருந்து, பையன்தானே, விளையாட்டுக்கு.

டம்ளர் ஏன் வருகிறது. இப்போது டம்ளர் எதற்கு. வெள்ளை நாய் என் பின்னால் போகப் பார்க்கிறது, பின்னால் விடக் கூடாது, மெதுவாகத் திரும்பு, செருப்பில்லாத காலில் முள் குத்துகிறது, குத்தட்டும். டம்ளர். கல்யாணம் முடிந்து பங்குனியோ சித்திரையோ, நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், மைதிலி காப்பி கொண்டு வந்தாள், சசி அவளுக்குப் பின்னால் வந்து செல்ஃபில் இருந்த சார்ஜரை எடுக்கக் கையை நீட்டினான். சார்ஜரை எடுக்கத்தான். அவள் தலைக்கு மேலே. அவள் டம்ளரை விட்டுவிட்டாள். ஒரு கை போய் இடது காதை மூடிக்கொண்டது, தோள் தூக்கிக்கொண்டது, கண்ணை இறுக்கி மூடி, கழுத்து வலது பக்கமாக. காப்பி என் காலெல்லாம் தெறித்தது. என்ன அம்மிணி, ஒரு டம்ளர் பிடிக்கத் தெரியாதா, உங்க ஊட்டுல இதுகூட பழக்குலையா என்று சத்தம் போட்டேன். அவள் துணி எடுத்து வந்து துடைத்தாள். சசி சார்ஜரை எடுத்துக்கொண்டு போனான். வீட்டுக்காரி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சார்ஜரை எடுக்கத்தான் கையை நீட்டினான். கழுத்து வலது பக்கமாக. எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம். சந்தையில் நூறு மாட்டுக்கு நடுவில், புழுதிக்கு நடுவில், சத்தத்துக்கு நடுவில், ஒரு இமை அடிப்பதைப் பார்க்கிற கண் எனக்கு, என் வீட்டு நடுக்கூடத்தில், என் முழங்காலுக்கு முன்னால். நான் டம்ளரைப் பார்த்தேன்.

இல்லை. பொம்பளைப் பிள்ளை திடுக்கிட்டிருப்பாள், அதை மாட்டோடு வைத்துப் பேசுவதா, நாய் சுற்றி நிற்கிறபோது புத்தி கண்டபடி போகிறது. நானும்தான் அடி வாங்கியிருக்கிறேன். வாங்காமலா வந்தேன். பெரிய தரகரிடம் எடுபிடியாக இருந்தபோது மாடு ஓட்டுகிற தார்க்குச்சியின் அடிக்கட்டையால் முதுகில் வாங்கினது எத்தனை, மாட்டோடு மாடாகக் கிடந்து கற்றுக்கொண்ட தொழில் இது, அடி வாங்கினவன்தான் ஆளாவான் என்று சசிக்கும் சொல்லித்தான் வளர்த்தேன். சொல்லித்தான். போன மாரியம்மன் நோன்பில் தேர்வடம் பிடிக்கிறபோது பழைய ஆள் ஒருவன், நாச்சி, என்று கூப்பிட்டுத் தோளில் தட்டக் கையைத் தூக்கினான். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். அவன் கவனிக்கவில்லை. நான் மேல்துண்டைச் சரி பண்ணிக்கொண்டேன். பெரிய தரகர் செத்து எத்தனை காலமாகிறது. செவலை உறுமலை நிறுத்திவிட்டது. ஏன் நிறுத்திவிட்டது. பாயப் போகிறதா. மூன்றும் காதைத் திருப்புகின்றன, என் பக்கம் இல்லை, பின்னால்.

“அசையாம நில்லுங்க மாமா.”

மைதிலியின் குரல். படலைத் திறந்துகொண்டு வருகிறாள், கையில் குச்சி இல்லை, ஒன்றும் இல்லை, சோளத்தட்டு அறுத்த பச்சைக் கறை முழங்கை வரை. ஓடி வரவில்லை, நடந்துதான் வருகிறாள், நாக்கால் ஒரு சத்தம், த்சொ த்சொ என்று, அவ்வளவுதான், கறுப்பு போய் அவள் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

“குனியாதீங்க. குனிஞ்சா சோறு வெக்கறீங்கன்னு கிட்ட வரும்.”

கேட்டேன், காற்றாகத்தான் வந்தது.

“கல்லெடுத்தா ஓடாதா அம்மிணி?”

“இதுங்க மேல ஆரும் கல்லெடுத்ததில்லீங்க. எங்கப்பா இருக்கறப்பவே உடமாட்டாரு. டேய், போதும் போடா. கடிச்சிருச்சுங்களா?”

“வேட்டியத்தான்.”

“காலக் காட்டுங்க.” குனிந்து பார்த்தாள். அவள் குனிந்ததும் மூன்றும் வாலை ஆட்டிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றன. “பல்லு படல. எச்சிதான். சோப்புப் போட்டுக் கழுவோணும், வாங்க.”

படலுக்குள்ளிருந்து ருக்குமணியம்மா எட்டிப் பார்த்தாள். “ஆரு கண்ணு அது?”

“மாமா வந்திருக்காருங்ம்மா.”

முந்தானையை இழுத்துச் செருகினாள். அப்புறம், “வாங்கண்ணா, வெயில்ல ஏன் நிக்கறீங்க, உள்ள வந்து மோர் குடிங்க” என்றாள். குரலில் வரவேற்பும் இருந்தது, அதற்கடியில் ஒரு கதவை அமுக்கிப் பிடித்திருக்கிற மாதிரியும் இருந்தது. எகிற வேண்டும், இப்போதுதான், சம்பந்தியம்மா ஆடிக்கு அழைச்சுட்டு வந்தீங்க. வாய் வந்துவிட்டது. சொல்லலாம். கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது. மைதிலி கையெட்டுகிற தூரத்தில் நின்றாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

அவள் கை போய் இடது காதை மூடிக்கொண்டது. தோள் தூக்கி, கண் இறுகி, கழுத்து வலது பக்கமாக. சொந்தத் தோட்டத்தில், அவளைப் பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்க, இமைக்காத மூன்று நாய்களுக்கு நடுவில். ஒரு நொடிகூட இருக்காது. உடனே அந்தக் கையால் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள், முடி ஒதுக்கத்தான் கையைத் தூக்கினேன் என்கிற மாதிரி, நான் தேர்வடத்தருகே துண்டைச் சரி பண்ணினேனே அதே மாதிரி. என் கை அங்கேயே நின்றுவிட்டது. இறக்க வேண்டும், எப்படி இறக்குவது, மிரண்ட மாட்டுக்கு முன்னால் இறக்குகிற மாதிரி மெல்ல, அவள் பார்க்கிற மாதிரி, விரலை விரித்து, கொஞ்சம் கொஞ்சமாக. துண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“என்னங்க மாமா, என்ன விசயமா வந்தீங்க?” என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு.

கேட்கலாம். என்ன ஏது என்று ஒரு வார்த்தை. இனி என்ன கேட்பது. விற்கிறவன் ஏன் என்று கேட்க மாட்டான், அவனுக்கும் தெரியும். சசி செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், நீங்க போய் ஒரு சத்தம் போட்டா வந்துருவா. அரிசி கழுவுகிற சத்தம். வாசலில் நாலு பேர். வெறுங்கையோடு.

“ஒண்ணுமில்ல சாமி. பாத்துட்டுப் போலாம்னுதான்.”

“உள்ள வாங்கண்ணா” என்றாள் ருக்குமணியம்மா மறுபடியும், படலைப் பிடித்துக்கொண்டு.

“இருக்கட்டுங்க. இன்னொரு நாள் வந்து குடிக்கறேன்.” மைதிலி பக்கம் திரும்பினேன். “அம்மிணி, சசி வருவான். நான் கூட்டீட்டு வரலைன்னதும் அவனே கெளம்பி வருவான். வந்தான்னா…” இந்த இடத்தில் வாய் சிக்கிக்கொண்டது, என் மகனைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைத்துப் பேசினதில்லை, எந்த ஊரிலும், எவனிடமும். “வந்தான்னா, நாயக் கட்டிப் போட்டறாதீங்க.”

மைதிலி நிமிர்ந்து பார்த்தாள். நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக. அவள் கண்ணில் தண்ணி நின்றது, விழவில்லை.

“எங்க ஊட்டுல கட்டறதே இல்லீங்க மாமா” என்றாள்.

தலையாட்டினேன். திரும்பினேன். ஒரு கால் மண்ணில் சுட்டது, அப்போதுதான் செருப்பு ஞாபகம் வந்தது, அங்கேயே மல்லாந்து கிடந்தது. எடுக்க வேண்டுமானால் குனிய வேண்டும். மூன்றும் பார்த்துக்கொண்டு நின்றன. அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்தேன். செவலை ஓடி வந்தது, குரைக்காமல், வாலை ஆட்டிக்கொண்டு, மூக்கை என் கையருகே கொண்டு வந்தது. கொடுக்க ஒன்றுமில்லை. துண்டுக்கடியிலேயே காலம் தள்ளின கையை அதற்கு முன்னால் விரித்துக் காட்டினேன். மோந்து பார்த்தது. உள்ளங்கையில் செம்மண் ஒட்டியிருந்தது. அதை நக்கிவிட்டு, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தது.